ஃபாரெஸ்டர் கணவாயைக் கடக்கும் நாள்: ஜான் மியூர் பாதைக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், யோசெமிட்டி பள்ளத்தாக்கில் தொடங்கி விட்னி சிகரத்தில் முடியும் ஜான் மியூர் பாதை ஏறத்தாழ 340 கி.மீ. நீளமுடையது. தெற்கு நோக்கி நடப்பவர்கள் டோனஹூ, சில்வர், செல்டன், மியூர், மாதர், பின்ஷோ, க்ளென் என வரிசையாகக் கணவாய்களைக் கடந்து, விட்னிக்கு முன்னால் ஃபாரெஸ்டர் கணவாய்க்கு வந்து சேர்கிறார்கள். இதன் உயரம் 13,153 அடி, அதாவது 4,009 மீட்டர். மெக்சிகோ எல்லையிலிருந்து கனடா எல்லை வரை செல்லும் பசிபிக் க்ரெஸ்ட் பாதையும் இதே வழியாகத்தான் போகிறது. அந்த நெடும்பாதையின் மிக உயரமான இடமும் இக்கணவாய்தான். கிங்ஸ் கேன்யன், செகோயா ஆகிய இரு தேசியப் பூங்காக்களின் எல்லை இங்கே சந்திக்கிறது.

புதிதாக வருபவர்கள் இந்த நாளைத் தொலைவை வைத்துத் திட்டமிடுகிறார்கள். இன்று இத்தனை கி.மீ. நடக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டு, எழுந்ததும் கிளம்பி, களைத்ததும் நிற்கிறார்கள். பள்ளத்தாக்கில் அது போதும். 4,000 மீட்டர் உயரக் கணவாய் குறுக்கே நிற்கும் நாளில் போதாது. சியராவில் கோடைக்காலப் பிற்பகல்களில், குறிப்பாக ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில், இடிமழை திரள்வதுண்டு. ஃபாரெஸ்டரின் தென்புறத்தில் இறங்கிய பிறகும் பல கி.மீ. தூரத்துக்கு ஒதுங்க மரம் கிடையாது. எனவே நண்பகலுக்கு முன் கணவாயைக் கடந்து, பிற்பகல் நடுப்பகுதிக்குள் மரங்களை அடைவது என்ற ஒரே இலக்கை வைத்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் அந்த நாளின் ஒவ்வொரு வேலைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். கீழே உள்ளவை அந்தக் கணக்கின்படி எழுதப்பட்டவை. ஜூலை பிற்பகுதி முதல் செப்டம்பர் வரை, பாதையில் பனி பெரும்பாலும் உருகிவிட்ட காலத்துக்குப் பொருந்துபவை.

முதல் படி: முந்தைய இரவு எங்கே தங்குவது

க்ளென் கணவாயிலிருந்து இறங்கி வருபவர்கள் பப்ஸ் ஓடைக் கரையில் உள்ள விடெட் புல்வெளியை அடைவார்கள். இது ஏறத்தாழ 2,900 மீ. உயரத்தில் இருக்கிறது. மரநிழலும் தண்ணீரும் உணவை வைத்துப் பூட்ட இரும்புப் பெட்டியும் இருப்பதால் பலரும் இங்கேயே கூடாரம் போட்டுவிடுகிறார்கள். இடம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் கணவாய் இங்கிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவிலும் 1,100 மீ. மேலேயும் உள்ளது. காலில் சிறிது வலு மிச்சம் இருந்தால், மாலையிலேயே இன்னும் இரண்டு மணி நேரம் ஓடையை ஒட்டி மேலேறி, சென்டர் பேசின் பாதை பிரியும் இடத்தை ஒட்டி, சுமார் 3,200 மீ. உயரத்தில் தங்குவதையே நான் பரிந்துரைப்பேன். மறுநாள் ஏற்றத்தில் கால்பங்குக்கு மேல் அப்போதே குறைந்துவிடும். மரங்கள் ஏறத்தாழ 3,400 மீ. வரை தொடர்வதால் இன்னும் சற்று மேலே போயும் தங்கலாம். அதற்கு மேல் காற்றும் குளிரும் தூக்கத்தைக் கெடுக்கும்.

கூடாரத்தை நீர்நிலையிலிருந்து 60 மீ. தள்ளி, ஏற்கெனவே பலர் தங்கிப் புல் அற்றுப்போன தரையில் போடுங்கள். பப்ஸ் ஓடை சேரும் கிங்ஸ் ஆற்று வடிநிலத்தில் 10,000 அடிக்கு (சுமார் 3,050 மீ.) மேல் விறகு மூட்டித் தீ வளர்க்கத் தடை உள்ளது. அந்த உயரத்தில் மரங்கள் மிக மெதுவாக வளர்கின்றன, விழுந்த கட்டைகளும் மண்ணுக்கு உரமாக வேண்டியிருக்கின்றன. எரிவாயு அடுப்பு பயன்படுத்தலாம். வறண்ட கோடையில் கூடுதல் கட்டுப்பாடுகள் வரக்கூடும் என்பதால், அனுமதிச் சீட்டு வாங்கும்போதே அந்த ஆண்டின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டு இல்லாமல் இந்தப் பாதையில் ஓர் இரவுகூடத் தங்க முடியாது. அது உங்கள் பையில் எளிதில் எடுக்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும்.

படுக்கப் போகும் முன் செய்ய வேண்டியவை சில உண்டு. காலைக்கும் நடைக்குமான உணவைத் தனியே பிரித்து, கரடி திறக்க முடியாத உணவுக் கலனில் மேலாக வையுங்கள். உணவு மட்டுமன்றி பற்பசை, சோப்பு, வெயில் களிம்பு என்று மணம் வீசும் எல்லாமே அதற்குள் போக வேண்டும். கலனைக் கூடாரத்திலிருந்து 30 மீ. தள்ளி, சரிவிலோ நீரோரத்திலோ அல்லாமல் சமதரையில் வையுங்கள். கரடியால் அதைத் திறக்க முடியாது என்றாலும் உருட்டிவிட முடியும், உருண்டு ஆற்றில் விழுந்த உணவை அது தின்றிருந்தால் என்ன, தின்னாவிட்டால் என்ன. நீர் வடிகட்டியை உறக்கப்பைக்குள் உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். நுண்குழல்களால் ஆன வடிகட்டிக்குள் தேங்கிய நீர் உறைந்தால் குழல்கள் விரிசல் விடும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, கிருமி மட்டும் தடையின்றி உள்ளே வரும். கைப்பேசியையும் மின்சேமிப்பியையும் அதே காரணத்துக்காக அல்ல, குளிரில் மின்கலம் விரைவாக இறங்கும் என்பதற்காக, உள்ளே வைக்க வேண்டும்.

இரண்டாம் படி: புறப்படும் நேரத்தைக் கணக்கிடுதல்

ஸ்காட்லாந்து மலையேறியான நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த ஒரு விதி இன்றும் பயன்படுகிறது: சமதரைக்கு மணிக்கு 5 கி.மீ., அத்துடன் ஒவ்வொரு 600 மீ. ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். முதுகில் ஒரு வாரத்து உணவைச் சுமப்பவர் மணிக்கு 4 கி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது. 3,200 மீ. முகாமிலிருந்து கணவாய் சுமார் 7 கி.மீ.; ஏற்றம் சுமார் 800 மீ. தொலைவுக்கு ஒன்றே முக்கால் மணி, ஏற்றத்துக்கு ஒரு மணி இருபது நிமிடம், ஆக மூன்று மணிக்குச் சற்று மேல். இதோடு நிற்கக் கூடாது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் நடை தளரும், மூச்சு வாங்க நிற்க நேரும், ஒருமுறை தண்ணீர் பிடிக்க வேண்டும். இவற்றுக்கு ஒரு மணி நேரம் சேர்த்தால் நான்கரை மணிக்குள் அடங்கும். பதினொரு மணிக்குக் கணவாயில் நிற்க வேண்டுமானால் ஆறரைக்குப் புறப்பட வேண்டும். ஐந்தேகாலுக்கு எழ வேண்டும். விடெட் புல்வெளியில் தங்கியவர் இதே கணக்கைப் போட்டால் இருட்டில் தலைவிளக்கோடு கிளம்ப வேண்டியிருக்கும். முந்தைய மாலையில் மேலேறச் சொன்னது இதற்காகத்தான்.

குழுவாகப் போகிறவர்கள் மிக மெதுவாக நடப்பவரின் வேகத்தை வைத்தே இதைக் கணக்கிட வேண்டும். சராசரி எடுத்தால் ஏமாந்துபோவீர்கள்.

மூன்றாம் படி: விடியலில்

எழுந்ததும் அடுப்பை முதலில் பற்றவையுங்கள், பிறகு கூடாரத்துக்குள் உள்ளவற்றை மடியுங்கள். நீர் கொதிப்பதற்குள் பாதி வேலை முடிந்துவிடும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர் இந்த உயரத்தில் 90 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுவதால் பருப்பு, அரிசி போன்றவை வேக நெடுநேரம் ஆகும். சுடுநீர் ஊற்றி ஊறவைத்தால் போதுமான காலை உணவே இங்கே ஏற்றது. பசி இல்லை என்று வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். உயரம் பசியை மந்தமாக்கும். உடலின் செலவு குறைவதில்லை.

கழிவுக்கான குழி பாதை, நீர், முகாம் மூன்றிலிருந்தும் 60 மீ. தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். மேலே போகப் போக வெறும் பாறைதான். தோண்ட மண் கிடைக்காது. ஆகவே மண் உள்ள இடத்திலேயே இதை முடித்துக்கொள்வது நல்லது. பயன்படுத்திய காகிதத்தைப் புதைக்காமல் மூடிய பையில் போட்டுச் சுமந்து செல்லுங்கள்.

உடை விஷயத்தில் ஒரு விதி போதும்: கிளம்பும்போது சற்றுக் குளிர வேண்டும். கதகதப்பாக உடுத்திக்கொண்டு புறப்பட்டால் கால்மணி நேரத்தில் வியர்த்து, சட்டை நனைந்து, மேலே காற்று அடிக்கும்போது நடுங்குவீர்கள். காற்றுத்தடுப்புச் சட்டை, மழைச்சட்டை, கையுறை, கம்பளித் தொப்பி நான்கும் பையின் மேற்புறத்தில் இருக்கட்டும். கறுப்புக் கண்ணாடியையும் வெயில் களிம்பையும் கிளம்பும்போதே அணிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு 1,000 மீ. உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது, எஞ்சிய பனித்திட்டுகளும் வெளிறிய கருங்கல் பாறைகளும் ஒளியைத் திருப்பி அடிக்கின்றன.

நான்காம் படி: ஏற்றம்

முதல் அரைமணி நேரம் வேண்டுமென்றே மெதுவாக நடங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் நீங்கள் விரைகிறீர்கள் என்று பொருள். வேகமாக நடந்து அடிக்கடி உட்காருபவரைவிட, மெதுவாக நிற்காமல் நடப்பவரே முன்னதாகக் கணவாயை அடைகிறார். மாட்டுவண்டி நடை என்று யாராவது கேலி செய்தால் செய்யட்டும். செங்குத்தான இடங்களில் ஒவ்வோர் அடியிலும் பின்கால் முட்டியை முழுவதும் நிமிர்த்தி, உடல் எடையை எலும்பின் மேல் ஒரு கணம் நிறுத்திய பின் அடுத்த அடி எடுத்து வைத்தால் தொடைத் தசைக்கு ஓய்வு கிடைக்கும். ஒரு மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நின்று ஒரு வாய் தின்று, இரண்டு மடக்கு நீர் குடியுங்கள்.

தண்ணீரைப் பொறுத்தவரை சியரா தாராளமானது. பப்ஸ் ஓடையும் அதன் கிளைகளும் பெரும்பாலும் பாதைக்கு அருகிலேயே வருவதால் ஒரு லிட்டருக்கு மேல் சுமக்கத் தேவையில்லை. ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. கணவாய்க்குக் கீழே, வடபுறத்து ஏரிகளின் அருகில் மட்டும் இரண்டு லிட்டர் நிரப்பிக்கொள்ளுங்கள், ஏனெனில் உச்சியில் நீர் இல்லை. தெளிவாகத் தெரிந்தாலும் வடிகட்டாமல் குடிக்க வேண்டாம். வடிகட்டிக்குப் பதில் குளோரின் டையாக்சைடு மாத்திரை வைத்திருப்பவர்கள், கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணி சாக நான்கு மணி நேரம் ஆகும் என்பதை நினைவில் வைத்து, காலையிலேயே நீரை ஊறப்போட வேண்டும்.

மரங்கள் முடிந்ததும் நிலம் முற்றிலும் மாறுகிறது: உடைந்த கல், சிறு ஏரிகள், ஆங்காங்கே பனி. வடபுறம் வெயில் குறைவாகப் படுவதால் ஆகஸ்டிலும் பனித்திட்டுகள் பாதையை மறைக்கக்கூடும். காலையில் அந்தப் பனி இறுகி வழுக்கும், நண்பகலுக்கு மேல் இளகி முட்டிவரை கால் புதையும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்பது, பத்து மணிதான் கடப்பதற்கு ஏற்றது. காலடித் தடங்களைக் கண்மூடித்தனமாகப் பின்தொடராதீர்கள். முன்னால் போனவரும் வழி தவறியிருக்கலாம். வரைபடத்தையும் பாதை மீண்டும் வெளிப்படும் இடத்தையும் பார்த்து நடங்கள். பெரும்பனி பெய்த ஆண்டிலோ ஜூன் மாதத்திலோ வருபவர்களுக்குப் பனிக்கோடரியும் காலணி முட்களும் அவற்றைக் கையாளும் பயிற்சியும் தேவை. பயிற்சி இல்லாத கையில் கோடரி வெறும் சுமை.

உடல் சொல்வதைக் கேட்பது

4,000 மீ. உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 சதவீத ஆக்சிஜனே கிடைக்கிறது. யோசெமிட்டியிலிருந்து இரண்டு மூன்று வாரம் நடந்து வருபவர்களின் உடல் இதற்குள் பழகியிருக்கும். கவலைப்பட வேண்டியவர்கள் மலையின் கிழக்குப் புறத்தில் சாலை முடியும் ஆனியன் வேலி என்னும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கியர்சார்ஜ் கணவாய் வழியாக ஓரிரு நாளில் இங்கு வந்து சேர்பவர்கள். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதே மருத்துவர்கள் கூறும் பொது விதி. குறுகிய பயணக்காரர்கள் இதை எளிதில் மீறிவிடுகிறார்கள்.

தலைவலி, குமட்டல், தலைசுற்றல், மிகுந்த களைப்பு ஆகியவை தொடக்க அறிகுறிகள். தலைவலி மட்டும் லேசாக இருந்தால் நின்று, நீர் குடித்து, ஓய்வெடுத்துப் பாருங்கள். குறையும் வரை ஓர் அடிகூட மேலேறாதீர்கள். ஒருவர் நேர்கோட்டில் குதிகாலும் கால்விரலும் ஒட்ட நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ மூளை வீங்கத் தொடங்கியிருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கி, இருமலில் நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இரண்டுமே உயிரைப் பறிக்கும். மருந்துக்கும் உதவிக்கும் காத்திராமல் உடனே கீழிறங்க வேண்டும். அவரைத் தனியே அனுப்பக் கூடாது. வந்த வழியே பப்ஸ் ஓடைப் பக்கம் இறங்குவதுதான் சரி, ஏனென்றால் தென்புறம் போக முதலில் மேலேற வேண்டும். இங்கே கைப்பேசிக்கு அலைவரிசை கிடையாது; செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவி ஒன்று குழுவுக்குக் கட்டாயம் என்பேன்.

ஐந்தாம் படி: திரும்புவதா, கடப்பதா

வடபுறக் கடைசி ஏரியின் அருகே நின்று வானத்தைப் பாருங்கள். வெண்மேகத் துணுக்குகள் தட்டையாகக் கிடந்தால் கவலையில்லை. காலை பத்து மணிக்கே அவை மேல்நோக்கிக் கோபுரமாக வளர்ந்து, அடிப்பகுதி கறுத்தால், பிற்பகலில் இடி நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளலாம். கணவாய்க்குச் சேர இன்னும் எவ்வளவு நேரம், அங்கிருந்து தென்புற மரங்களை அடைய எவ்வளவு நேரம் என்று கூட்டுங்கள். பின்னதற்கு இரண்டரை மணி நேரம் வையுங்கள். மேகம் அதற்கு இடம் தராது என்று தோன்றினால் மரங்களுக்கு இறங்கி மறுநாள் காலை வாருங்கள். உணவுக் கலனில் ஒரு நாளுக்கான கூடுதல் உணவு இருக்க வேண்டும் என்று சொல்வது இந்த முடிவை எடுக்கும் துணிவுக்காகத்தான். பாதையின் நடுவழியில் உள்ள மியூர் ட்ரெயில் ரான்ச் என்னும் விடுதியில் உணவு நிரப்பிய பிறகு, பக்கவாட்டில் ஒரு கணவாயைக் கடந்து மலையைவிட்டு வெளியேறினாலன்றி விட்னி வரை வேறெங்கும் நிரப்ப முடியாது. இதை மனத்தில் வைத்தே அங்கு பொட்டலம் கட்ட வேண்டும்.

உச்சி என்பது சில பேர் நிற்கும் அளவேயுள்ள ஒரு பாறை வெட்டு. பின்னால் கிங்ஸ் வடிநிலம், முன்னால் கெர்ன் வடிநிலம். பாறை இடுக்கில் ஸ்கை பைலட் என்னும் நீலப் பூங்கொத்துகளைக் காணலாம். சியராவின் உச்சிகளில் மட்டுமே வளரும் செடி அது. இருபது நிமிடத்துக்கு மேல் தங்க வேண்டாம். உணவைத் திறந்து வைத்துவிட்டுப் படம் எடுக்கப் போகாதீர்கள்; கரடி இவ்வளவு தூரம் வராவிட்டாலும் மார்மட் என்னும் பருத்த மலை அணில்கள் வந்துவிடும். வியர்வை உப்புக்காக நடைக்கோலின் பட்டையையும் பையின் தோள்வாரையும்கூட அவை கடித்துக் குதறும்.

ஆறாம் படி: இறக்கம்

தென்புறம் செங்குத்தான பாறைமுகம். அதில் வெட்டிய கொண்டை ஊசி வளைவுகளில் பாதை குறுகலாக இறங்குகிறது. ஓரிடத்தில் பாதை ஒரு குறுகிய பள்ளவாய்க்காலைக் கடக்கிறது. தொடக்கக் கோடையில் அதில் பனி அடைத்துக்கொண்டு சறுக்கினால் கீழே வரை கொண்டுபோகும் சரிவாக இருக்கும், கோடை முற்றிய பின் வெறும் கல்தான். கிளம்பும் முன் காலணிக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினால் விரல்நகம் முன்னால் மோதாது. நடைக்கோல்களை ஏற்றத்தில் வைத்ததைவிடச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலான விழுகைகள் ஏற்றத்தில் அல்ல, கடினமானது முடிந்தது என்று மனம் இளகிய இந்த இறக்கத்தில்தான் நிகழ்கின்றன. மேலேறி வருபவர்களுக்கு மலைப்பக்கமாக ஒதுங்கி வழிவிடுங்கள்.

அடிவாரத்தில் சமநிலமும் ஏரிகளும் வருகின்றன. எங்கும் உங்களைவிட உயரமான பொருள் ஏதும் இல்லை. இங்கே மின்னலுக்கு எட்டும் உயரத்தில் இருப்பது நீங்கள்தான். வேகத்தைக் குறைக்காமல் டின்டால் ஓடையின் மரங்களை நோக்கி நடங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கி.மீ. தொலைவுக்குள் வந்துவிட்டது. அப்படி அகப்பட்டுக்கொண்டால் மேட்டிலிருந்து இறங்கி, நீர்நிலையையும் தனி மரத்தையும் ஆழமற்ற குகையையும் தவிர்த்து, கோல்களைத் தள்ளி வைத்து, ஒருவருக்கொருவர் 15 மீ. இடைவெளி விட்டு, உறங்கும் மெத்தையின் மேல் குந்துங்கள். இது பாதுகாப்பு அல்ல, ஆபத்தைச் சிறிதளவு குறைக்கும் கடைசி வழி. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் நகர வேண்டும்.

ஏழாம் படி: டின்டால் ஓடையும் மாலையும்

கணவாயிலிருந்து சுமார் 8 கி.மீ. கீழே டின்டால் ஓடையைக் கடக்க வேண்டும். பனி உருகும் நீர் என்பதால் இரவெல்லாம் குறைந்து விடியலில் தாழ்ந்தும், வெயில் ஏறியபின் பிற்பகலில் பெருகியும் ஓடும். ஆகஸ்ட் பிற்பகுதியில் கல்லுக்குக் கல் தாண்டிப் போகலாம். நீர் வேகமாக முட்டிக்கு மேல் ஓடினால் அக்கரை போக அவசரப்படாதீர்கள். இக்கரையிலேயே தங்கிக் காலையில் கடக்கலாம். கடக்கும்போது இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு, நீரோட்டத்தை எதிர்நோக்கி, பக்கவாட்டில் அடி வைத்து, காலணியோடு நடங்கள். விழுந்தால் பையைக் கழற்றி எறிய முடிய வேண்டும்.

பகல் இன்னும் மிச்சமிருக்கிறதே, ஓடைக்கு அப்பால் உள்ள பிக்ஹார்ன் மேட்டுநிலத்துக்கு ஏறிவிடலாமா என்று தோன்றும். அது மீண்டும் மரமற்ற வெட்டவெளி. வானம் முற்றிலும் தெளிவாக இருந்தாலன்றி அந்த ஆசையை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விட்னி அங்கிருந்து தெளிவாகத் தெரியும்.

கூடாரம் போட்டதும் ஈரக் காலுறையைக் கழற்றி, பாதங்களைக் கழுவி உலர்த்தி, கொப்புளம் எழும் இடம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவந்த நிலையிலேயே ஒட்டுப்பட்டை போட்டால் மறுநாள் நொண்ட வேண்டியதில்லை. கழுவிய நீரை ஓடையில் ஊற்றாமல் தள்ளிப்போய் மண்ணில் ஊற்றுங்கள். இருட்டும் முன் சூடாக, சற்று உப்போடு, வயிறு நிறைய உண்ணுங்கள். பிறகு உணவுக் கலனைத் தள்ளி வைத்து, வடிகட்டியை உறக்கப்பைக்குள் போட்டு, விட்னி அடிவாரத்துக்கு அடுத்த நாள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்ற கணக்கை அன்றிரவே போட்டுவிடுங்கள்.